ஷார்ஜா கோடையில் நீச்சல்குளத் தண்ணீர்: பாலக்கோட்டுத் தம்பிக்கு

பாலக்கோட்டிலிருந்து இந்த ஆண்டு ஷார்ஜாவுக்கு வந்து, ஒரு வில்லாவில் நீச்சல்குளப் பராமரிப்பு வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம். ஜூலை பிறந்ததிலிருந்து தண்ணீர் 36 டிகிரியில் நிற்கிறது. பிள்ளைகள் இறங்க மறுக்கிறார்கள். ஐஸ் கட்டி போடலாமா, தண்ணீரை மாற்றிவிடலாமா என்று முதலாளி கேட்கிறார், என்ன சொல்வது?

தம்பி, நானும் காவேரிப்பட்டணத்துக்காரன்தான். முதலில் அல் ஐனிலும் பிறகு துபாயிலும் பல ஆண்டுகளாக இதே வேலையில் இருப்பதால், உங்கள் முதலாளியிடம் நீங்கள் தயங்காமல் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

ஐஸ் வேண்டாம். உங்கள் குளத்தில் ஏறத்தாழ 48,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதை 36 டிகிரியிலிருந்து 31 டிகிரிக்கு இறக்க 2 டன்னுக்கு மேல் ஐஸ் வேண்டும், மறுநாள் வெயிலில் அத்தனையும் வீணாகிவிடும். தண்ணீரை மாற்றுவதும் பயன் தராது. மொட்டை மாடித் தொட்டியில் கிடக்கும் தண்ணீர் எவ்வளவு சுடும் என்பதை உங்கள் அறைக் குளியலறையிலேயே பார்த்திருப்பீர்கள். கோடையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் தேங்கி ஆறிய தண்ணீரில் குளிப்பதுதான் இங்கே பலருடைய வழக்கம். அந்தத் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து குளத்தைக் குளிர வைக்க முடியாது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை தானே விளங்கும். நம் ஊர்க் கிணற்றில் சித்திரை மாதத்திலும் தண்ணீர் சில்லென்றிருப்பதற்குக் காரணம், உச்சிப்பொழுதில் சிறிது நேரம் தவிர வெயில் உள்ளே இறங்குவதில்லை. சுற்றிலும் இருக்கும் மண்ணும் பாறையும் சூடேறுவதும் இல்லை. நீச்சல்குளமோ ஆழம் குறைந்து, பரப்பு விரிந்து, காலை முதல் மாலை வரை வெயிலுக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கிறது. இங்குள்ள கோடையில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் வெயில் ஏறத்தாழ 7 கிலோவாட் மணி ஆற்றலுக்குச் சமம். அவ்வளவும் உங்கள் தண்ணீரில் தங்கினால், ஒரே நாளில் 4 டிகிரி ஏற்றிவிடும். இரவில் அதில் பெரும்பகுதி ஆவியாகவும் காற்றோடும் வெளியேறிவிடுவதால்தான் குளம் கொதிக்காமல் இருக்கிறது. ஆகவே பகலில் வெயிலைத் தடுப்பதும், இரவில் வெப்பம் வெளியேற வழிவிடுவதும்தான் முழு வேலை.

வெயிலைத் தடுக்க நிழல்வலையே போதும். ஓசூர்ப் பக்கம் நாற்றங்கால்களுக்குக் கட்டுகிறார்களே, அதே வகைதான். இங்கே அதைவிடத் தடித்த துணியாகவும் கிடைக்கிறது. தண்ணீருக்கு மேல் ஆள் உயரத்துக்குக் குறையாமல் கட்டுங்கள். தாழ்வாகக் கட்டினால் ஈரக்காற்று அடியிலேயே தேங்கி, ஆவியாதல் குறைந்துவிடும். மேற்கு வெயில் சாய்ந்து நுழையும் பக்கத்தில் வலையைச் சற்று இறக்கிக் கட்டுவது நல்லது. குமிழ்க் குமிழாக இருக்கும் நீல நிற பிளாஸ்டிக் விரிப்பு உங்கள் பம்ப் அறையில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கலாம். அது குளிர்காலத்தில் தண்ணீரைச் சூடாக வைப்பதற்கானது. வெயிலை உள்ளே விட்டு ஆவியைத் தடுக்கும் அந்த விரிப்பைக் கோடையில் தொடவே வேண்டாம்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது, ஏறத்தாழ 580 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்கும் அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் குளத்தில் 80 லிட்டருக்குச் சற்று அதிகமாக ஆவியானால் ஒரு டிகிரி இறங்கும். அதனால் பம்பைப் பகலில் ஓட்டும் நேரத்தைக் குறைத்து, இரவு பத்து மணியிலிருந்து விடியும் வரை ஓட்டுங்கள். பம்பிலிருந்து தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் துளைகளின் முகப்பை மேல்நோக்கித் திருப்பி, மேற்பரப்பு அலையாடும்படி செய்யுங்கள். அந்தத் துளையில் மாட்டும் சிறு நீரூற்றுக் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர் துளித்துளியாகச் சிதறிக் காற்றில் பட்டு விழும்போதுதான் வெப்பத்தை நன்றாக இழக்கிறது.

இதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு என்பதை முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அல் ஐன் கடலிலிருந்து தள்ளி உட்பகுதியில் இருப்பதால் அங்கே காற்று வறண்டது; நீரூற்றை இரவெல்லாம் ஓடவிட்டால் விடியற்காலையில் தண்ணீர் 28 டிகிரிக்கு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஷார்ஜாவிலும் துபாயிலும் ஆகஸ்ட் மாத இரவில் மூக்குக் கண்ணாடி பனிக்கும் அளவுக்குக் காற்றில் ஈரம் இருக்கிறது. ஈரத்தால் நிறைந்த காற்று புதிதாக ஆவியை ஏற்றுக்கொள்ளாது. அப்படிப்பட்ட இரவுகளில் நிழல்வலையும் நீரூற்றும் சேர்ந்தாலும் 31, 32 டிகிரிக்குக் கீழே எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளைகள் விளையாட அது தாராளமாகப் போதும். ஆனால் வேகமாக நீந்திப் பயிற்சி செய்பவர்களுக்கு அது சூடுதான். போட்டிக் குளங்களுக்கு 25 முதல் 28 டிகிரி வரைதான் விதிக்கப்பட்டிருக்கிறது. 2010 அக்டோபரில், நமக்குப் பக்கத்திலுள்ள ஃபுஜைராவில் நடந்த கடல்நீச்சல் போட்டியில் ஃபிரான் கிரிப்பன் என்ற அமெரிக்க வீரர் இறந்துபோன பிறகு, அத்தகைய போட்டிகளுக்கும் 31 டிகிரி மேல்வரம்பாக வைக்கப்பட்டது.

28 டிகிரிதான் வேண்டும் என்று முதலாளி சொன்னால், சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரூட்டும் இயந்திரம், தவிர வேறு வழியில்லை. அப்போதும் நிழல்வலையை முதலில் கட்டச் சொல்லுங்கள். வெயிலோடு மின்சாரத்தைக் கொண்டு சண்டை போடுவது பெருஞ்செலவு. சில்லரை மூடிய பம்ப் அறைக்குள் வைக்க விடாதீர்கள். தான் வெளியே தள்ளும் அனலைத் தானே உறிஞ்சி, மதியத்துக்குள் நின்றுவிடும்.

சூடான தண்ணீரில் குளோரின் வேகமாகத் தீரும், பாசியும் வேகமாகப் பிடிக்கும். கோடையில் காலையும் மாலையும் குளோரின் அளவைச் சோதித்துப் பாருங்கள். நீரூற்று ஓடும் குளத்தில் கரியமிலவாயு வெளியேறுவதால், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறிக்கொண்டே போகும். ஏறிய பி.எச்.சில் குளோரின் வலுவிழந்துவிடும். ஆகையால் பி.எச்.சை இறக்க ஆசிட் சிறிது கூடுதலாகச் செலவாகும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. குளோரினும் ஆசிட்டும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்பும் வாயு, அந்தச் சின்ன அறையில் ஆளையே கொன்றுவிடும். நீங்கள் சேர்ந்த இடத்தில் அப்படி வைத்திருந்தால், இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது ஐக்கிய அரபு அமீரகத்தின் விதி. குளத்தைத் துடைப்பதும் இலை அள்ளுவதும் விடியற்காலையிலேயே முடிகிற வேலைகள். மதியத்துக்கு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வலை கட்டுவதற்கு முந்தைய ஒரு வாரமும் கட்டிய பின் ஒரு வாரமும், காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும், முழங்கை ஆழத்தில் அளந்த வெப்பத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சில்லர் பற்றிப் பேச்சு வந்தால், விற்பவர் எத்தனை டன் (சில்லரின் குளிரூட்டும் திறனுக்கான அளவு) என்று கேட்பதற்கு முன் அந்த நோட்டை முதலாளி கையில் கொடுங்கள்.