கலிஃபோர்னியா கடற்கரைப் பாறையில் செங்கல் நிறத்தில் பெரிய கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. அது உயிருள்ளதா? தொடலாமா?

உயிருள்ளதுதான். நீங்கள் சொல்லும் நிறத்தையும் அளவையும் பார்த்தால் கம்பூட் கைட்டானாகத்தான் இருக்கும். நத்தை, சிப்பி, கணவாய்க்கெல்லாம் தூரத்துச் சொந்தம். கைட்டான்களிலேயே பெரியது இதுதான். 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், 2 கிலோ வரை கனக்கும். கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வழியாக ஜப்பானின் ஹொக்கைடோ வரை வடபசிபிக் கரைகளில் இருக்கிறது.

மற்ற கைட்டான்களுக்கு முதுகில் எட்டு ஓட்டுத் தகடுகள் வெளியே தெரியும். இதற்கும் எட்டு உண்டு, ஆனால் தடித்த தோல் முழுசாக மூடிவிடும். அதனால்தான் பார்ப்பவர்களுக்கு இது ஒரு பிராணி என்றே தோன்றுவதில்லை. செத்த பிறகு அந்தத் தகடுகள் வெள்ளை வெளேரென்று தனித்தனியாகக் கரை ஒதுங்கும்.

நான் கலிஃபோர்னியாவின் மான்டரே பக்கம் வசித்தபோது, புயலுக்கு மறுநாள் மணலில் மல்லாந்து கிடந்த ஒன்றைப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் நிறப் பாதம், அதன் இருபுறப் பள்ளத்திலும் வரிசையாகச் செவுள்கள். அந்தப் பள்ளத்துக்குள் ஒரு செதில் புழு சொகுசாகக் குடியிருந்தது. இந்தக் கைட்டானோடு அது சேர்ந்து வாழ்வது வழக்கம்தான்.

உண்மையான விசேஷம் வாயில் இருக்கிறது. பாறையிலுள்ள பாசியைச் சுரண்டித் தின்ன, நாக்குப் பட்டையில் வரிசை வரிசையாகப் பற்கள். அவற்றின் முனையில் பூசியிருப்பது மேக்னடைட், அதாவது காந்தம் இழுக்கும் இரும்புத் தாது. கைட்டான் பற்களில் இது இருப்பதை 1962-இல் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். உயிரினத்தின் உடம்பிலேயே இந்தத் தாது உருவாகும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசைப் பற்கள் தேய்ந்து விழ விழ, பின்னாலிருந்து புதியவை நகர்ந்து வரும். முளைக்கும்போது நிறமே இருக்காது, அப்புறம் செம்பழுப்பாகி, கடைசியில் கறுத்து இறுகும். ஒரே பட்டையில் இத்தனை நிலைகளையும் பார்க்கலாம். 2021-இல் இதே பற்களின் தண்டில் சாண்டாபார்பரைட் என்ற அபூர்வ இரும்புத் தாதுவும் கிடைத்தது. அதற்குமுன் அதைப் பாறைகளில் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

சரி, தொடலாமா? ஈரக்கையால் மெதுவாகத் தொடலாம், கடிக்காது. பெயர்த்தெடுக்க மட்டும் முயல வேண்டாம். மற்ற கைட்டான்கள் அளவுக்கு இது இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளாது, சீக்கிரம் கழன்றுவிடும். தவிர, அசிலோமர் மாதிரியான காப்புப் பகுதிகளில் எதையும் எடுக்கத் தடை. அடுத்து யாராவது சமைக்கலாமா என்று கேட்பீர்கள். அலாஸ்காப் பழங்குடியினர் உண்டிருக்கிறார்கள். தின்று பார்த்தவர்கள் சொல்வது, ரப்பர்.