தனி அஞ்சலில் கேட்காதீர்கள்

ஐயா, வணக்கம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு (ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த நிரல் குழுக்களில் புதியவர்கள் வேலை செய்ய கூகுள் நடத்தும் திட்டம்) இரண்டு முறை விண்ணப்பித்தேன், இரண்டும் கிடைக்கவில்லை. அந்தக் குழுக்களில் வழிகாட்டும் மென்டர்கள் மூவருக்குத் தனியாக அஞ்சல் எழுதி வழி கேட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. என் மதிப்பெண்தான் காரணமா? ஏதாவது சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டு வரட்டுமா?
எஸ்., யீஷூன்

அன்புள்ள எஸ்.,

மதிப்பெண் அங்கே பெரிதாக எடுபடாது. சான்றிதழும் அப்படித்தான், அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

என்னை உறுத்துவது நீங்கள் தனியாக அஞ்சல் எழுதியதுதான். நம் பிள்ளைகளிடம் இது ஊறிப்போன பழக்கம். ஆசிரியரை வகுப்பு முடிந்ததும் ஓரமாகப் பிடித்துக் கேட்டால் மரியாதை, நாலு பேர் முன்னால் கேட்டால் வெட்கக்கேடு என்று வளர்த்துவிட்டோம். டியூஷன் அதை இன்னும் இறுக்கிவிட்டது. ஓப்பன் சோர்ஸில் கதையே வேறு. மென்டர் பெரும்பாலும் தன் ஓய்வு நேரத்தைத் தருகிறவர். ஒரே கேள்விக்குப் பத்துப் பேருக்குத் தனித்தனியாக எழுத அவரால் முடியாது. குழுவின் பொது மன்றத்தில் கேட்டால் வேறு யாராவது பதில் சொல்வார்கள், அடுத்து வருகிறவரும் படித்துக்கொள்வார். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கூகுள் ஒவ்வொரு குழுவுக்கும் இடங்களை ஒதுக்குகிறது; நல்ல முன்மொழிவுகள் அதைவிட அதிகமாக வந்து நிற்கும். யாரை எடுப்பது என்று மென்டர்கள் கூடிப் பேசும்போது, பொதுவில் நீங்கள் பேசியதும் செய்ததும்தான் உங்களுக்காகச் சாட்சி சொல்லும். தனி அஞ்சல் எவ்வளவு அறிவோடு எழுதப்பட்டிருந்தாலும் மற்ற மென்டர்கள் கண்ணில் படாது.

கேட்கவும் முறை இருக்கிறது, தம்பி. "எங்கிருந்து தொடங்கட்டும்?" என்றால் பதில் வராது. முதலில் குழுவின் நிரலை உங்கள் கணினியில் பில்ட் செய்யுங்கள், அதாவது ஓடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதுவே சில நாள் பிடிக்கலாம். பிழை வந்தால் எந்த இயங்குதளம், எந்த கமிட் (நிரலின் எந்தப் பதிவு), என்ன கட்டளை கொடுத்தீர்கள், இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். பிழைச்செய்தியை முழுசாக எழுத்தாகவே ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் யாராலும் தேட முடியாது. விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டால் அதையும் அதே இழையில் சொல்லி முடியுங்கள். நிறுவல் குறிப்பில் அந்தப் படி விடுபட்டிருந்ததா? அதைச் சேர்ப்பதே உங்கள் முதல் புல் ரிக்வெஸ்ட், அதாவது உங்கள் மாற்றத்தை ஏற்கச் சொல்லும் கோரிக்கை.

அப்புறம் ஒரு சின்ன பக், அதாவது நிரலில் உள்ள பிழை. ஒன்றைத் திருத்தினாலே போதும், ஆனால் அந்தத் திருத்தம் மெர்ஜ் ஆகும்வரை, அதாவது குழுவின் நிரலில் சேரும்வரை, விடக்கூடாது. பட்டியலில் உள்ள ஒரு பிழையைக் காட்டி "இந்த இஷ்யூ எனக்கு" என்று எழுதிவிட்டு இரண்டு வாரம் காணாமல் போவது, ஹாக்கர் சென்டரில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடித்துவிட்டு சாப்பிடவே வராமல் போவது மாதிரி. மென்டர்கள் அதை மறப்பதில்லை. உங்கள் நிரலை அவர்கள் சரிபார்க்கும் ரிவ்யூவில் "டெஸ்ட் போதாது" என்று வந்தால் முகம் சுளிக்காதீர்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் எழுதி, அதே புல் ரிக்வெஸ்டில் திருத்துங்கள். பயந்துபோய்ப் புதிதாக ஒன்று திறந்தால் அதுவரை நடந்த பேச்சு முழுவதும் பழையதிலேயே தங்கிவிடும். இதே மாதிரியான இன்னொரு திட்டமான அவுட்ரீச்சியில் முன்கூட்டியே பங்களிப்பது விதியாகவே இருக்கிறது: பங்களிப்புக் காலத்தில் அந்தத் திட்டத்துக்கு ஒரு பங்களிப்பாவது பதிவாகாதவரை எடுக்கமாட்டார்கள்.

எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்ற கியாசு புத்தியில் ஏழெட்டுக் குழுக்களில் தலைகாட்டாதீர்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

சம்மர் ஆஃப் கோடில் பங்கேற்கும் குழுக்களின் பட்டியல் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டாம். முந்தைய ஆண்டுகளின் பட்டியல் திறந்தே கிடக்கிறது. டிசம்பர் விடுமுறையிலேயே ஒரு குழுவில் வேலையைத் தொடங்கிவிடுங்கள். முன்மொழிவின் வரைவைக் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே அவர்களிடம் காட்டுங்கள். திட்டங்கள் 90, 175, 350 மணி நேரம் என்று மூன்று அளவில் இருக்கின்றன. 350 எடுப்பதானால் மே முதல் ஆகஸ்ட் வரையிலான விடுமுறையில் வேறு இன்டர்ன்ஷிப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் தேர்வு மே தொடக்கம்வரை இழுக்கும் என்பதையும் கால அட்டவணையில் மறைக்காமல் எழுதுங்கள்.