டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: டீச்சர், எங்கள் சபையை நடத்தும் சேகரக் கமிட்டியில் இருக்கும் ஒருவர் வீட்டில் பதினோரு வயதுப் பெண்பிள்ளை வேலைக்கு நிற்கிறது. தகப்பன் இல்லை. தாய் வாங்கிய கடனுக்காக விட்டுப்போனாளாம். "எங்க பிள்ளை மாதிரிதான் வச்சிருக்கோம்" என்கிறார்கள். ஆராதனை நேரத்திலும் அது அடுக்களையில் பாத்திரம் துலக்குகிறது. கேட்டால் சபையில் சண்டை வரும். 'அந்நிய காரியங்களில் தலையிடாதே என்று பேதுருவே எழுதியிருக்கிறார்' என்கிறார் என் வீட்டுக்காரர். நான் ஜெபித்தால் போதாதா?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: மகளே, உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்தப் பிள்ளையின் பெயரை எங்கேயும் காணோம். உனக்குத் தெரியாது போல. முதலில் அதைக் கேள்.

திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் 'விசாரிக்கிறது'தான் மாசில்லாத பக்தி என்கிறார் வேதத்தில் யாக்கோபு. சுகமில்லாதவர்களை விசாரித்துவிட்டு வந்தேன் என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அந்த விசாரிப்பு. வீடுவரை போக வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். உன் கடிதத்தில் தகப்பனற்ற பிள்ளையும் இருக்கிறது, அதன் விதவைத் தாயும் இருக்கிறாள். இது எப்படியம்மா அந்நிய காரியம் ஆகும்?

1983-இல் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று நின்றுவிட்டது. கணக்கில் கெட்டி. சில மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், இடுப்பில் யாரோ ஒருவருடைய கைக்குழந்தை. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் சபைக்காரர்தான். "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றார். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பஸ் ஏறிவிட்டேன். அன்று ராத்திரி அவளுக்காக ஜெபிக்கவும் செய்தேன். அவள் எங்கே போனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெபித்தால் போதாதா என்று என்னிடம் கேட்கிறாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று எங்கே சொல்வதென்று தெரியவில்லை என்றாவது நான் சொல்லிக்கொள்ளலாம். உனக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. காசில்லாத எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். உன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வயதுக்குக் கீழான பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். இப்போதைய சட்டப்படி ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'பிள்ளை மாதிரி' என்கிறவர்கள் தங்கள் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று பார்.

தாய் கடனுக்குப் பயப்படுவாள். அடமானமாக ஆளை விட்டு வாங்கிய கடனை 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ரத்து செய்கிறது. அதை அவளிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும்; நீயே போகலாம்.

சபையில் சண்டை வரும், உண்மைதான். அடுத்த அசன விருந்தில் சிலர் உன் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். உன் வீட்டுக்காரரிடம் நீதிமொழிகள் 31:8-ஐ வாசிக்கக் கொடு: 'உன் வாயைத் திற' என்றிருக்கிறது.

மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோவார்கள். கொஞ்ச நாள் காப்பகத்தில் இருக்க நேரலாம். புது இடம், பயந்து அழும். அனுமதி வாங்கிக்கொண்டு நீ போய்ப் பார். அளவு பார்த்து இரண்டு பாவாடை சட்டை எடுத்துக்கொள், ஒரு சிலேட்டும்.