டிகின்டர்ல (பைதான்ல விண்டோ, பட்டன் எல்லாம் செய்யற லைப்ரரி) சேவ் பட்டனை கிளிக் பண்ணா வேலை செய்யுது, அதே ஃபங்ஷனை என்டர் கீக்கு பைண்ட் பண்ணா, அதாவது அந்த கீயோட இணைச்சா, எரர் வருது, ஏன்?

உங்க எரர்லயே பதில் இருக்கு பாருங்க, ஃபங்ஷன் 0 ஆர்கியுமென்ட் (உள்ள வாங்கிக்கற மதிப்பு) எடுக்கும், ஆனா 1 குடுத்திருக்குன்னு சொல்லுது. பட்டனோட கமாண்ட் உங்க ஃபங்ஷனை எதுவும் குடுக்காம சும்மா கூப்பிடும், ஆனா பைண்ட் அப்படி இல்ல, எந்த கீ தட்டினாங்க, எந்த விட்ஜெட்ல (பட்டன், டைப் பண்ற பாக்ஸ் மாதிரி) தட்டினாங்கன்னு எல்லாத்தையும் ஒரு ஈவென்ட் ஆப்ஜெக்டா கட்டி கையில குடுத்துதான் கூப்பிடும், அத வாங்கிக்க உங்க ஃபங்ஷன்ல இடம் இல்ல. டெஃப் லைன்ல பிராக்கெட்டுக்குள்ள ஈவென்ட்=நன் (event=None) அப்படின்னு போட்டுட்டா ரெண்டு வழியிலயும் ஓடும். கிளிக்குக்கு ஒண்ணு கீக்கு ஒண்ணுன்னு தனித்தனியா மட்டும் எழுதாதீங்க, நாளைக்கு ஒண்ண மாத்திட்டு இன்னொண்ண மறந்துடுவோம்.

இன்னொரு விஷயம், இது எங்க மாமாவோட பெயின்ட் கடைக்கு பில் போடற ஸ்க்ரீன் எழுதினப்ப தெரிஞ்சுகிட்டது. எனக்கு லேப்டாப்ல நல்லா ஓடுச்சு, கடையில உபுண்டு போட்ட கம்ப்யூட்டர்ல பில் போடற அக்கா என்டர் தட்டறாங்க, ஒண்ணும் நடக்கல. பக்கத்துல உக்காந்து பாத்தா அவங்க வலது கை நம்பர் பேடை விட்டு நகரவே இல்ல, ரேட் அடிச்சு அங்கயே இருக்கற என்டரைத்தான் தட்டறாங்க. லினக்ஸ்ல பெரிய என்டருக்கு பேரு ரிட்டர்ன், நம்பர் பேடுல இருக்கறதுக்கு பேரு கேபி_என்டர், நான் ரிட்டர்னை மட்டும்தான் பைண்ட் பண்ணியிருந்தேன். ரெண்டாவதா ஒரு லைன் சேத்ததும் சரியாயிடுச்சு. நாள் முழுக்க பில் போடறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் மவுசுக்கு கை போறது எவ்வளவு வலின்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது, அதனால கீபோர்டை அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஃபோகஸையும், அதாவது இப்ப எந்த விட்ஜெட் டைப்பிங்கை வாங்குதுன்னும் கவனிங்க, கீ எப்பவும் ஃபோகஸ் இருக்கற விட்ஜெட்டுக்குத்தான் போகும். ஃப்ரேம்ல (மத்த விட்ஜெட்டுகளை வெக்கற கட்டம்) பைண்ட் பண்ணிட்டு ஃபோகஸ்_செட் கூப்பிடலன்னா எதுவும் வராது. அதுக்காக மெயின் விண்டோவுலயே டி கீக்கு டெலீட்னு வெச்சுடாதீங்க, என்ட்ரி பாக்ஸ்ல பேர் டைப் பண்றப்ப டி வந்தாலும் டெலீட் ஓடிடும்.

எந்த கீக்கு என்ன பேருன்னு சந்தேகம் வந்தா மெயின் விண்டோவுல கீ ஈவென்ட்டை பைண்ட் பண்ணி ஈவென்ட்டோட கீசிம்மை (keysym, கீயோட பேரு) பிரின்ட் பண்ணி பாருங்க, தட்ட தட்ட பேரு வந்துகிட்டே இருக்கும்.