ஊரில்லாத இடத்தில் எழுந்த சந்திப்பு நிலையம்

வாசகர் கேள்வி – பதில்

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்: இங்கிலாந்தில் இருக்கும் என் மகள், வயல்வெளிக்கு நடுவே மூடப்பட்டுக் கிடக்கும் ‘வேர்னி ஜங்ஷன்’ என்ற புகையிரத நிலையத்தைப் பற்றிச் சொன்னாள். லண்டன் நகரப் புகையிரதமே ஒரு காலத்தில் அங்குவரை ஓடியதாம். ஊரே இல்லாத இடத்தில் சந்திப்பு நிலையம் எதற்காக அமைக்கப்பட்டது?

பதில்: பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் பிளெட்ச்லியிலிருந்து பான்பரிக்குச் செல்லும் பாதை 1850 இல் திறக்கப்பட்டது. அதிலிருந்து ஒக்ஸ்போர்ட்டுக்கான பாதை பிரிந்த இடமே பின்னாளைய வேர்னி ஜங்ஷன். பாதைகள் பிரிந்தனவே தவிர, பல ஆண்டுகளாக அங்கு நிலையம் எதுவும் இருக்கவில்லை. தெற்கே ஐல்ஸ்பரியிலிருந்து புறப்பட்ட மற்றொரு கம்பனியின் பாதை 1868 செப்டெம்பரில் அதே இடத்தில் வந்து இணைந்த பிறகுதான், பயணிகள் இறங்கி வண்டி மாறுவதற்கு ஒரு நிலையம் தேவைப்பட்டது. பெயர் கொடுக்கக்கூடிய கிராமம் அருகில் இல்லாததால், அந்தப் பகுதியின் நிலவுடைமையாளரும் புகையிரதப் பாதைகளுக்கு முன்னின்று ஆதரவு திரட்டியவருமான சேர் ஹரி வேர்னியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். இவருடைய மனைவி, தாதியர் பணிக்குப் புகழ்பெற்ற புளோரன்ஸ் நைட்டிங்கேலின் உடன்பிறந்த சகோதரி. நைட்டிங்கேல் அம்மையார் அடிக்கடி வந்து தங்கிய கிளேடன் மாளிகையும் இந்தக் குடும்பத்துக்கே உரியது.

நிலையத்துக்குப் பெருமை வந்தது 1891 இல், லண்டனின் மெட்ரோபொலிட்டன் ரயில்வே கம்பனி ஐல்ஸ்பரிப் பாதையை வாங்கிய போதுதான். அதன் தலைவராயிருந்த சேர் எட்வேர்ட் வாட்கின் சாதாரணக் கனவு கண்டவர் அல்லர். மான்செஸ்டரிலிருந்து லண்டன் வழியாக, கடலுக்கடியில் சுரங்கம் தோண்டிப் பாரிஸ் வரை ஒரே தொடராகப் புகையிரதம் ஓட்ட வேண்டும் என்று பாடுபட்டவர். அந்தப் பேராசையின் ஒரு துணுக்காகத்தான், லண்டனின் பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 50 மைல் தள்ளி, மாடுகள் மேயும் புல்வெளியில், நகரப் புகையிரதத்தின் கடைசி நிலையமாக வேர்னி ஜங்ஷன் ஆனது. 1910 முதல் ‘மேஃப்ளவர்’, ‘கலாட்டியா’ என்ற இரண்டு புல்மன் பெட்டிகள் இந்தப் பாதையில் இணைக்கப்பட்டன. சாய்வு நாற்காலி, கண்ணாடி பதித்த மேசை, மேசைக்கொரு மின்விளக்கு, காலையில் லண்டனுக்குப் போகிறவருக்குச் சுடச்சுட உணவு என்று, சிறிதளவு மேலதிகக் கட்டணத்துக்கு அத்தனை வசதியும் கிடைத்தது.

நம் பக்கத்து மதவாச்சியையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். 1914 இல் தலைமன்னார்ப் பாதை அங்கிருந்து பிரிந்ததற்குக் காரணம் மதவாச்சி மக்களின் தேவை அன்று; கடல் கடந்து தனுஷ்கோடிக்குப் போகிறவர்களின் தேவைதான். சந்திப்பு நிலையங்களில் பல, வேறெங்கோ போகிறவர்களுக்காகவே பிறந்தவை. ஆனால் மதவாச்சியைச் சுற்றி ஊரும் சந்தையும் இருந்தன; வேர்னியைச் சுற்றி அவை இருக்கவில்லை. அதன் முடிவு வேறாக அமைந்ததற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

ஓமந்தையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பாதை போரால் நின்றது. குண்டு விழாத ஊரில் ஒரு சந்திப்பு நிலையம் ஏன் மூடப்பட்டது? மீண்டும் திறப்பார்களா?

பதில்: அது ஒரே நாளில் மூடப்படவில்லை, ஒவ்வொரு கிளையாக வெட்டப்பட்டது. 1933 இல் மெட்ரோபொலிட்டன் கம்பனி லண்டன் போக்குவரத்துச் சபையிடம் சென்றது. நகரப் பயணிகளைக் கவனிக்க உருவான சபைக்கு, ஆளில்லாத புல்வெளிக்கு வண்டி ஓட்டுவது வீண்செலவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 1936 ஜூலையில் அந்தப் பாதையின் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. சரக்கு வண்டிகள் 1947 வரை ஓடின. பான்பரிப் பாதையில் பக்கிங்ஹாம் பக்கத்துப் பயணிகள் சேவை 1964 இல் முடிந்தது. எஞ்சியது ஒக்ஸ்போர்ட்–கேம்பிரிட்ஜ் பாதை மட்டுமே. பெரிய அளவில் பாதைகளை மூடப் பரிந்துரைத்த 1963 ஆம் ஆண்டின் பீச்சிங் அறிக்கையில்கூட அது மூடவேண்டிய பட்டியலில் இல்லை. அப்படியிருந்தும் 1967 இன் கடைசி நாளோடு அதன் பெரும்பகுதியில் பயணிகள் சேவை நின்றது. வேர்னி ஜங்ஷனும் அன்றோடு மூடப்பட்டது. இரண்டு பல்கலைக்கழக நகரங்களுக்கு இடையிலான நேர்வழியைத் துண்டித்தது பெரும் பிழை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பின்வந்தவர்கள் அதையே திரும்பக் கட்டப் புறப்பட்டது இதற்குப் போதிய சான்று.

வவுனியாவுக்கு வடக்கே 1990 இல் வண்டிகள் நின்றபின், தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போனதை வன்னியில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தும் 2011 இல் ஓமந்தைக்கும், 2013 இல் கிளிநொச்சிக்கும், 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி திரும்பி வந்தது. அணைபோல உயர்த்திய மண்திட்டும் பாதைக்கென்று ஒதுக்கிய நிலமும் கைவிட்டுப் போகாதவரை, தண்டவாளத்தை மறுபடி போட்டுக்கொள்ளலாம். இங்கிலாந்திலும் பிளெட்ச்லிப் பக்கத்துத் தண்டவாளம் 1993 வரை பயன்பட்டு, அதன்பின் கழற்றப்படாமல் துருப்பிடித்துக் கிடந்ததால், ஒக்ஸ்போர்ட்டையும் கேம்பிரிட்ஜையும் மீண்டும் இணைப்பதற்கான கிழக்கு–மேற்குப் புகையிரதத் திட்டம் அதே வழியில் புதுப் பாதை அமைத்திருக்கிறது. பாதை வேர்னி ஜங்ஷன் இருந்த இடத்தைத் தாண்டியே செல்கிறது. ஆனால் நிலையம் அங்கே மறுபடி கட்டப்படவில்லை. புதிய நிலையம், மக்கள் வாழும் அயலூரான வின்ஸ்லோவுக்குத்தான் கிடைத்திருக்கிறது.