விதைப்பை முடித்துவிட்டு மருந்தைத் தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. மூன்று வருசத்துக்கு முன் நாரி நோ என்று போய்க் காட்ட, கடைசியில் மல்டிபிள் மைலோமா, இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்றார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போட்டுக் குளிசையும் தந்தார்கள், நல்ல சுகம் வந்து போன வருசம் வயலும் செய்தேன். இப்போது இரத்தத்தில் திரும்ப ஏறுகிறதாம், லெனலிடோமைட் தொடங்குவோம் என்கிறார்கள். முதல் மருந்தே சரிவரவில்லை, இரண்டாவது மட்டும் சரிவருமா? கால் விறைப்பும் இன்னும் போகவில்லை. காலபோக விதைப்பை முடித்து, மாரி கழியத் தொடங்கினால் என்ன? மனிசி ஒரே அழுகை. மகள் பிள்ளைத்தாச்சி, அவள்தான் என் குளிசைகளை நாள் நாளாகப் பிரித்து வைக்கிறவள். அவளுக்குப் பிள்ளை பிறந்தால் நான் தூக்கலாமா?

புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: அண்ணை, மகளின் விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். அந்த மருந்தை மகள் கையால் தொடவே கூடாது. லெனலிடோமைட், தலிடோமைட்டின் தம்பி முறை. தலிடோமைட்டை 1957 இல் ஜேர்மனியில் நித்திரைக்கும் கர்ப்பகால வாந்திக்கும் என்று விற்று, கை கால் இல்லாமல் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பிறந்து, 1961 இல்தான் நிறுத்தினார்கள். பிறகு அதே மருந்து மைலோமாவுக்குக் கேட்கும் என்று கண்டது வேறு கதை. நீங்களே எடுத்து, உடைக்காமல் திறக்காமல் முழுதாக விழுங்குங்கள். மிச்சத்தைக் குப்பையில் போடாமல் கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது, முதல் மருந்து சரிவரவில்லை என்பது. சரிவந்தபடியால்தானே போன வருசம் வயலில் இறங்கினீர்கள்? மைலோமாவின் குணமே அடங்கிக் கிடந்து திரும்ப எழும்புவதுதான், ஒவ்வொரு முறையும் வேறு மருந்தால் அடக்கப் பார்ப்பார்கள். முற்றாகத் துடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது என்றாலும் நம்பாதீர்கள். வயிற்றில் போட்டது போர்டெசோமிப் என்றால் (கிளினிக் கொப்பியில் இருக்கும்) கால் விறைப்பு அதன் வேலையாக இருக்கலாம், லெனலிடோமைட்டில் அந்தக் கரைச்சல் குறைவு. ஆனாலும் டொக்டருக்கு விறைப்பைச் சொல்லுங்கள், நம்மாட்கள் கேட்டால் மட்டும்தான் வாய் திறப்பார்கள்.

விதைப்புக்கு வருவோம். இரத்தத்தில் மைலோமா அணுக்கள் விடுகிற புரதம் மட்டும் மெல்ல மெல்ல ஏறுகிறது, உடம்பில் வேறொரு பழுதும் இல்லை என்றால், பரிசோதித்துக்கொண்டே கொஞ்சக் காலம் பார்த்திருப்போம் என்று டொக்டர்மாரே சொல்வதுண்டு. எலும்பு, சிறுநீரகம், கல்சியம், ஹீமோகுளோபின் என்ற நாலில் ஒன்று பழுதாகத் தொடங்கிவிட்டால் மாரி கழியும் வரை பொறுக்க முடியாது, ஏனென்றால் ஒடிந்த முதுகெலும்பும் போன சிறுநீரகமும் அறுவடை முடியட்டும் என்று காத்திருக்காது. உங்களுக்கு இதில் எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கிளினிக்கில் நேராகக் கேளுங்கள்: இந்த நாலில் எனக்கு எது எப்படி இருக்கிறது, இந்த மருந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், இரண்டு மாதம் பிந்தினால் என்ன ஆகும்? மனிசியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவ அழுவது பாதி ஒன்றும் தெரியாததால்தான். பதிலைக் கேட்ட பிறகும் மருந்து வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் முடிவு, அதையும் டொக்டரிடமே சொல்லுங்கள், நோவுக்கு மருந்து தந்து தொடர்ந்து பார்ப்பார்கள். கேட்காமலே கிளினிக்கை விடுவதுதான் பிழை.

இன்னொன்று, இது வாட்டில் கிடந்து ஏற்றுகிற மருந்தல்ல. பொதுவாக 21 நாள் விழுங்கி 7 நாள் விடுவது, கூடவே கிழமைக்கு ஒருமுறை டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை. (அதைக் காலையில் சாப்பிட்ட பிறகு எடுங்கள், இரவில் எடுத்தால் விடிய விடியக் கொட்டாவியும் வராது. சீனி வருத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.) அதனால் வயலா மருந்தா என்று ஒன்றைத் தள்ளத் தேவை இருக்காது. வரம்பில் நின்று வேலை வாங்கலாம், சேற்றில் மட்டும் மச்சானோ கூலியாளோ இறங்கட்டும். இந்த மருந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்போடு எலிக்காய்ச்சல் காலத்தில் உழவு வயலில் நிற்க வேண்டாம்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பெனடோலைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. தெல்லிப்பழைக்கு ஓடவும் வேண்டாம், புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கே அந்த நேரமே போய்க் கொப்பியைக் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும், திடீரென்று மூச்சு இழுத்தாலும் அப்படித்தான், இந்த மருந்தில் இரத்தம் கட்டிபடும் ஆபத்து உண்டு. நாரி நோவுக்குக் கடையில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள், மைலோமாக்காரரின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது.

பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம், இது தொற்றுகிற வருத்தம் இல்லை. குளிசை எடுத்த கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தூக்குங்கள். பிள்ளை பார்க்க என்று தடிமனோடும் இருமலோடும் வருகிற சொந்தக்காரரை மட்டும் படலையடியிலேயே திருப்பி அனுப்புங்கள், கோவிக்கிறவர் கோவிக்கட்டும்.