கப்பலால் இறங்கி ஒரு பகல் ஐஸ்லாந்தில்: கேட்டவர்களுக்குப் பதில்

மகளோடும் மருமகனோடும் வடகடல் கப்பலில் போய், ஐஸ்லாந்தின் அக்குரெய்ரி துறைமுகத்தில் ஒரு பகல் இறங்கினோம். அங்கே எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் கோயில் வீதியிலும் மறித்துக் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றுக்கும் இங்கே ஒன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

கொக்குவில் தம்பி: ஒரு பகலில் எத்தனை இடம் பார்க்கலாம், ரீச்சர்?

மூன்று. காலை எட்டுக்குக் கட்டிய கப்பலில் பின்னேரம் ஐந்துக்கு ஏறிவிட வேண்டும். கோதாஃபோஸ் அருவி, மீவத்ன் ஏரி, அதற்கு அங்கால் குவேரிர் வெந்நிலம், அவ்வளவுதான். டெட்டிஃபோஸ் அருவி 44 மீற்றர் உயரம், அதையும் பார்ப்போம் என்று மருமகன் நின்றார். போயிருந்தால் எல்லாவற்றையும் பஸ் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்திருப்போம்.

அளவெட்டி அக்கா: கோதாஃபோஸ் 12 மீற்றர்தானாமே, அதுக்கா அவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்தில் மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது போதும். வத்னயோக்குல் பனிப்பாறைப் பக்கமிருந்து வருகிற ஆறு, அரைவட்டமாக விழுகிறது. 1000ஆம் ஆண்டளவில் நாடு கிறிஸ்தவத்துக்கு மாறுவது என்று தீர்ப்புச் சொன்ன தலைவர், தான் கும்பிட்ட சிலைகளைக் கொண்டுவந்து இதற்குள் எறிந்தாராம். எங்கள் நிலாவரைக் கிணறு இராமர் அம்பு விட்டு உண்டானது என்கிற மாதிரி இதற்கு அந்தக் கதை.

சுன்னாகத்திலிருந்து என் பழைய மாணவி: குவேரிரில் கொதிக்கிறது எங்கள் கீரிமலை மாதிரி ஊற்றா?

இல்லை பிள்ளை. எங்கள் யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதை மெல்ல மெல்லக் கரைத்து, கீழே தேங்கி, கீரிமலையில் கடலோரம் வெளியே வருகிறது, குளிர்ச்சிதான். ஐஸ்லாந்து இரண்டு புவித்தட்டுகள் வருடத்துக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் விலகுகிற கோட்டின் மேல் இருக்கிறது. அந்த விரிசலுக்குக் கீழே கற்குழம்பு கிட்ட நிற்பதால் இறங்குகிற தண்ணி ஆவியாகித் திரும்பி வருகிறது. 1000 மீற்றர் ஆழத்தில் 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடு. மேலே சாம்பல் நிறச் சேறு கூழ் கொதிக்கிற மாதிரியே டொப் டொப் என்று வெடிக்கும், சுற்றிவர மஞ்சள் கந்தகம். இருபத்தைந்து வருடம் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிக் காட்டியதை அங்கே காலுக்குக் கீழே கண்டபோது கொஞ்ச நேரம் கதை வரவில்லை. கயிறு கட்டிய பாதையை விட்டு மட்டும் விலகாதே, மேல் ஓடு மெல்லியது.

மீவத்ன் கரையில் இருக்கிற குழிகளை எரிமலை வாய் என்று நினைக்காதே. 2300 வருடங்களுக்கு முன் லாவா ஈரநிலத்தின் மேல் ஓட, அடியில் அகப்பட்ட தண்ணி ஆவியாகி வெடித்த இடங்கள் அவை.

நெல்லியடி மாமி: கந்தகத்துக்கு என் தாலிக்கொடி கறுக்குமோ?

மாமி, பொன்னுக்குப் பெரிதாகப் பயமில்லை, வெள்ளிதான் கறுக்கும். மெட்டி, கொலுசைக் கப்பலிலேயே கழற்றி வையுங்கள். அழுகின முட்டை மணம் உடுப்போடு திரும்பி வரும், அதுக்கு மருந்தில்லை.

மானிப்பாய் அண்ணை: விசா? கப்பல்காரரின் பஸ்ஸா, வெளியிலா?

எங்கள் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். இங்கிலாந்திலிருந்து புறப்பட்டால் அந்த நாட்டு விசாவும் சேர்த்து. கப்பல்காரரின் பஸ் விலைதான், ஆனால் அது பிந்தினால் கப்பல் நிற்கும், நாங்களாகப் பிடித்த வான் பிந்தினால் நிற்காது. வயது போனவர்களோடு என்றால் யோசிக்காமல் கப்பல்காரரின் பஸ்.

அதே அண்ணை: நுளம்பு கடிக்குமோ?

மீவத்ன் என்ற பெயரே கொசுவேரி என்ற மாதிரித்தான். கோடையில் புகை மாதிரி எழும்பும். பெரும்பாலானவை கடிக்காது, ஆனால் கண், மூக்கு, வாய் எல்லாம் போகும். தலைக்கு வலை வாங்கச் சொன்ன மகளின் பேச்சை நான் கேட்கவில்லை. இரண்டு வாய்க்குள் போய்விட்டன, அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு, நான் மச்சம் தொடாத நாள்.